கானாடுகாத்தான் வீடு, ஓர் ஆச்சி, 12 நிமிடம்: லைட்டை எப்படித் தயார் செய்வது?

பள்ளத்தூர் கேமரா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணம், சாந்தி, புதுமனை என்று 11 வருஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையாக ஒரு மாத இதழிலிருந்து போர்ட்ரெய்ட் வேலை வந்திருக்கிறது. ஊர்ப் பெண்களுக்குப் பனையோலைக் கொட்டான் முடையக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆச்சி. வயது 78. கானாடுகாத்தானில் அவர்கள் பூர்வீக வீட்டிலேயே எடுக்க வேண்டும். ஏப்ரல் மூன்றாவது வாரம், காலை 11.30க்கு. அன்றைக்கே மதியம் ஆச்சி மதுரை கிளம்புகிறார். எனக்குக் கிடைப்பது 12 நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

இதழுக்கு இரண்டு படம் வேண்டும். முழுப் பக்கத்துக்கு நெட்டுப் படம் ஒன்று, இரண்டு பக்கம் விரியும் அகலப் படம் ஒன்று. கையில் இருப்பது கோடாக்ஸ் ஏடி200 பேட்டரி ஃபிளாஷ் இரண்டு, 120 செ.மீ. ஆக்டா (ஃபிளாஷ் வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் எட்டுமூலை சாஃப்ட்பாக்ஸ்) ஒன்று, வெள்ளைக் குடை ஒன்று, தெர்மாகோல் அட்டைகள், உதவிக்கு ஒரு தம்பி. முதல் நாள் மாலை 4 மணிக்கு வீட்டுக்குள் போய்ப் பார்க்க அனுமதி உண்டு.

பயம் எதற்கென்றால், போன வருஷம் ஒரு கல்லூரி முதல்வரை எடுக்கப் போனேன். 15 நிமிடம் கொடுத்தார். அதில் 9 நிமிடம் ஸ்டாண்டை நகர்த்துவதும் பவரைக் கூட்டிக் குறைப்பதுமாகவே போய்விட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்த படங்கள் எல்லாவற்றிலும் அதே முகம்: காத்திருந்து அலுத்த முகம். ஆச்சிக்கு அப்படி ஆகக்கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை லைட்மேன்

தம்பி, 12 நிமிடம் தாராளம். அந்த 12 நிமிடத்துக்குள் லைட் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டதுதான் போன வருஷம் நடந்த தப்பு. ஆச்சி வந்து உட்காரும்போது உன் லைட் வேலை முடிந்திருக்க வேண்டும்.

கனடாவில் யூசுஃப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படத்தைப் பார்த்திருப்பாய். 1941 டிசம்பர் 30, ஒட்டாவா நாடாளுமன்றத்தில் எடுத்தது. கார்ஷுக்குக் கிடைத்தது இரண்டே நிமிடம் போல. ஆனால் சபாநாயகர் அறையில் லைட்டை முன்கூட்டியே அமைத்துவிட்டுக் காத்திருந்தார். அதனால்தான் சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டை எடுக்கும் துணிச்சலுக்கு அவருக்கு நேரம் இருந்தது. லைட்டோடு போராடிக்கொண்டிருந்தால் சுருட்டு கண்ணிலேயே பட்டிருக்காது.

முதல் நாள் போகும்போது ஆச்சி உயரத்துக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போ. உன் உதவித் தம்பி ஆறடி என்றால் அவனை வைத்துப் பார்த்த லைட் ஆச்சிக்குப் பொருந்தாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா யாராவது இருந்தால் அவரையே பத்து நிமிடம் உட்காரச் சொல். சேலை கட்டியவராக இருந்தால் இன்னும் நல்லது. நாற்காலியின் நாலு கால் நிற்கும் இடத்திலும் ஒவ்வொரு ரூபாய் நாணயம். ஸ்டாண்ட் நிற்கும் இடத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொள். ஸ்டாண்ட் உயரத்தை உன் உடம்பில் அளந்து வை, தோள்வரை, நெற்றிவரை என்று. மறுநாள் இருபது நிமிடத்தில் அப்படியே நிறுத்திவிடலாம்.

வளவு வெளிச்சம்

மதுரை அண்ணன் சொன்ன தயாரிப்பு சரி. ஆனால் ஃபிளாஷ் எதற்கு என்று கேட்கிறேன். செட்டிநாட்டு வீட்டில் வளவே ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ். நடுமுற்றம் வானத்துக்குத் திறந்திருக்கும், சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், தேக்குத் தூண்கள். முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் வெளிச்சத்தை வாங்கி வாங்கித் திருப்பித் தரும். நூறு வருஷத்துக்கு முன்னால் கொத்தனார் செய்து வைத்த லைட்டிங் அது. அதில் ஃபிளாஷ் அடித்தால் வீடு செட் போட்டது மாதிரி ஆகிவிடும். நான் பத்து வருஷமாக இந்த வீடுகளில் வளவு வெளிச்சத்திலேயே எடுக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

மதுரை லைட்மேன்

காலை 8 மணிக்கு என்றால் நானும் அதையே சொல்வேன். இவர் போவது ஏப்ரல் நடுவில், 11.30க்கு. காரைக்குடிப் பக்கம் நாம் இருப்பது 10 டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும், நம் ஊரில் 12.15 மணி வாக்கில். வளவுக்குள் வெயில் கிணற்றுக்குள் விழுகிற மாதிரி செங்குத்தாக விழும். முற்றத்து ஓரத்தில் ஆளை உட்காரவைத்தால் நெற்றியும் மூக்கும் வெள்ளை, கண் இரண்டும் குழி.

இன்னொன்று: பல வீடுகளில் குரங்குக்காகவும் திருட்டுக்காகவும் முற்றத்துக்கு மேலே கம்பிவலை போட்டிருக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்த வலையின் நிழல் கட்டம் கட்டமாகத் தரையில் விழும். முகத்தில் விழுந்தால் படம் போயிற்று.

அதனால் தம்பி, 4 மணிக்குப் போய்ப் பார்ப்பது மட்டும் போதாது. முதல் நாள் 11.30க்கு அங்கே இருக்கிற யாரையாவது செல்போனில் வளவை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல். மணி தெரிகிற மாதிரி.

வளவு வெளிச்சம்

நேரத்தைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வழி உண்டு. 11.30க்கு வெயில் இன்னும் கொஞ்சம் கிழக்கில்தான் இருக்கும். அது மேற்குத் தாழ்வாரத்துக்குள் ஓர் அடி, ரெண்டடி நுழையும். கிழக்குத் தாழ்வாரத்தில் வெயில் இராது. அங்கே முற்றத்தைப் பார்த்து உட்காரவையுங்கள். ஓரத்திலிருந்து ஆறேழு அடி உள்ளே தள்ளி. உள்ளே போகப் போக, மேலிருந்து வரும் வெளிச்சத்தைக் கூரை மறைத்துவிடும். எதிர்ச் சுவரிலிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் சாய்வாக வரும். கண்ணுக்குள் போய்ச் சேர்வது அந்த வெளிச்சம்தான்.

அதை அடித்தளமாக வைத்து, மேலே ஒரு ஃபிளாஷ் லேசாகச் சேர்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆத்தங்குடி அக்கா

தரையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இந்த ஊர்க்காரி, எங்கள் வீட்டில் கல் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன்.

ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகை மேல் செய்வது. அச்சு வைத்துக் கலரை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு கண்ணாடியை உருவுவார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். சூளையில் வைப்பதே இல்லை. நாலு தலைமுறை நடந்து, எண்ணெய் போட்டுத் துடைத்த தரை என்றால் முகமே பார்க்கலாம்.

இதில் போர்ட்ரெய்ட் எடுப்பவருக்கு இரண்டு தொல்லை. ஒன்று, லைட்டும் ஆக்டாவும் தரையில் தெரியும். அதைக் கேமராவைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். போலரைசர் என்கிற ஃபில்டரை லென்ஸில் போட்டால் குறையும், ஆனால் அது ஒன்றரை, ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). இரண்டாவதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. தரையின் கலர் முகத்துக்கு ஏறும். சிவப்பும் பச்சையும் கலந்த தரையில் உட்கார்ந்தவரின் தாடைக்கு அடியில், கழுத்தில், உள்ளங்கையில் அந்தக் கலர் படியும். கேமராவின் திரையில் சரியாகத் தெரியாது. அச்சில் வந்த பிறகுதான் ஆளுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கும். வெள்ளைச் சமநிலையை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் நெற்றிக்கு ஒரு கலர், தாடைக்கு ஒரு கலர்.

நான் செய்வது: சட்டத்துக்கு வெளியே, ஆளின் காலடிக்கு முன்னால், துவைத்த எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிடுவேன். தரையின் கலர் அடங்கிவிடும். அதோடு கீழிருந்து மெல்லிய வெளிச்சம் எழும்பி, கழுத்துச் சுருக்கத்தையும் கண்ணுக்கடியையும் தணிக்கும். ஆச்சி மடியில் கொட்டான் வைத்திருந்தால் கைக்கும் அதே வெளிச்சம் போய்ச் சேரும். நீலம் போட்ட வேட்டி வேண்டாம், வெளிச்சம் நீலமாக ஏறும்.

அப்புறம், வீட்டில் எரிகிற எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் 5600 கெல்வின், பழைய மஞ்சள் பல்பு 2700. ஒரே முகத்தில் இரண்டும் விழக்கூடாது. பின்னால் சாமி வீட்டு விளக்கு எரிந்தால் மட்டும் இருக்கட்டும், அது படத்துக்கு அழகு.

காரைக்குடி வீட்டுக்காரன்

கேமரா எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் படம் எடுக்க நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள். சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரில் தயவு செய்து டேப் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது பளபளப்பு பெயர்ந்து வரும். அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது மிகக் குறைவு, பெயர்ந்த இடம் பெயர்ந்ததுதான். ஒரு தடவை வந்த குழு தூணில் ஆணி அடித்துத் துணி கட்டியது. பர்மாத் தேக்கு. அந்த ஓட்டை இன்றைக்கும் இருக்கிறது, நான் தினமும் அதைக் கடந்துதான் போகிறேன்.

ஸ்டாண்ட் காலுக்கு ரப்பர் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய சாக்ஸ் மாட்டுங்கள். வழுக்குகிற தரை என்பதால் மணல் மூட்டை கட்டாயம்.

கரண்ட்: பழைய ஒயரிங், 5 ஆம்ப் பிளக். 1000 வாட் லைட் 230 வோல்ட்டில் நாலு ஆம்புக்கு மேல் இழுக்கும். இரண்டு போட்டால் ஃபியூஸ் போய்விடும். பேட்டரி லைட் கொண்டு வருகிறேன் என்கிற தம்பிக்கு இந்தக் கவலை இல்லை.

கடைசியாக ஒன்று. பூர்வீக வீடு பெரும்பாலும் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆச்சி சரி என்றாலும், எந்த அறை யாருடையது, எதைப் படம் எடுக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாசலில் நின்று அந்தப் பேச்சு வந்தால் உங்கள் 12 நிமிடமும் அதிலேயே போய்விடும்.

தேவகோட்டை ஸ்டூடியோ

என் பங்குக்கு: ஆக்டாவை முகத்துக்கு ஒரு மீட்டர் கிட்டே கொண்டு வா. 120 செ.மீ. ஆக்டா ஒரு மீட்டரில் இருந்தால்தான் வயதானவர் தோலுக்கு மெத்தென்று விழும். பின்சுவர் லைட்டிலிருந்து மூன்று மீட்டரில் இருந்தால் அதற்குப் போவது ஒன்பதில் ஒரு பங்குதான். கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் இருட்டு, ஆள் தனியாக எழுந்து நிற்பார்.

மதுரை லைட்மேன்

ஸ்டூடியோவில் நானும் அப்படித்தான் வைப்பேன். ஆனால் இங்கே ஒரு மீட்டர் வேண்டாம் என்கிறேன். கணக்கு அதேதான், வேறு பக்கமிருந்து பார். ஆச்சி முன்னும் பின்னும் 30 செ.மீ. நகர்ந்தால், ஒரு மீட்டரில் இருக்கிற லைட் முக்கால் ஸ்டாப் விழுந்துவிடும். இரண்டு மீட்டரில் இருந்தால் அரை ஸ்டாப்கூட விழாது. 78 வயதுக்காரரை ஆடாமல் உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அப்படிச் சொன்ன நிமிடமே முகம் இறுகிவிடும். லைட்டைத் தள்ளி வைத்தால் அவர் பாட்டுக்குத் திரும்பலாம், சாயலாம், கொட்டானை எடுத்துக் காட்டலாம்.

கொஞ்சம் கடினமாகும், உண்மை. அதை அக்கா சொன்ன வேட்டியும் வளவு வெளிச்சமும் ஈடுகட்டும்.

தேவகோட்டை ஸ்டூடியோ

முன்னே பின்னே நகர்கிற ஆள் என்றால் அண்ணன் சொல்வது சரி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவருக்கு நான் இன்னும் ஒரு மீட்டர்தான் வைப்பேன்.

பின்னால் சுண்ணாம்புச் சுவர் என்றால் ஒன்று கவனி. அதன் பளபளப்பில் ஃபிளாஷ் ஒரு நிலா மாதிரி விழும், தலைக்குப் பக்கத்தில். கேமரா எந்தக் கோணத்தில் சுவரைப் பார்க்கிறதோ, அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் லைட் இருந்தால் விழும். ஓரடி இடம் மாறினால் போய்விடும். சுவரில் மாட்டியிருக்கும் பழைய ஃபோட்டோக் கண்ணாடிகளுக்கும் அதுவேதான். ஆச்சி மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் லைட்டை ஏற்று. அதுவும் போதாவிட்டால் கண்ணாடிக் காம்பைக் காதுக்குப் பின்னால் ஒரு நூல் உயர்த்தச் சொல்.

ஆத்தங்குடி அக்கா

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குக் கோபமே உண்டு. நம் ஊர் கறுப்பு நிறத்து முகத்தை வெளுக்கவைக்க ஒரு ஸ்டாப் கூடுதலாக எடுக்கிற பழக்கம் கல்யாண வேலையில் ஊறிப்போயிருக்கிறது. இதழ் வேலையில் அது வேண்டாம். கறுத்த தோலுக்கு அழகு அதில் விழும் மினுக்கம்தான். கன்னத்து எலும்பின் மேல் ஆக்டா ஒரு நீண்ட மினுக்கமாக விழும், அதை வைத்துத்தான் முகத்துக்கு வடிவம் வரும். லைட்டைப் பக்கவாட்டில் கொண்டுபோய் அந்த மினுக்கத்தைத் தேடு. எக்ஸ்போஷரை ஏற்றி அதை அழிக்காதே. வேர்வை மட்டும் டிஷ்யூவால் ஒற்றி எடு, தேய்க்காதே, பவுடர் அப்பாதே.

ஆச்சி வெள்ளை ரவிக்கையோ வெளிர் சேலையோ என்றால், ஆக்டாவை நேராக அவர் மேல் காட்டாமல் கொஞ்சம் மேலே திருப்பிவிடு. விளிம்பு வெளிச்சம் முகத்துக்குப் போதும், துணி வெளுக்காது. வைரத் தோடு, பேசரி என்கிற மூக்கணி பற்றிக் கவலைப்படாதே, அது மின்னத்தான் வேண்டும்.

பக்கம் கட்டுகிறவன்

இதழ்களுக்கு வடிவமைப்பு செய்கிறேன். ஃபோட்டோகிராஃபர்கள் எங்களிடம் கேட்காமல் விடுகிற ஒரு விஷயம்: அகலப் படத்தில் நடுவே மடிப்பு வரும். முகம் சரியாக நடுவில் இருந்தால் மூக்கு மடிப்புக்குள் போய்விடும். ஆளை மூன்றில் ஒரு பங்குக்குத் தள்ளி, மறுபக்கம் தூண் வரிசையை விடுங்கள். தலைப்பும் முதல் பத்தியும் அங்கே உட்காரும். நெட்டுப் படத்தில் தலைக்கு மேலே நிறைய இடம் வேண்டும். கல்யாண ஆல்பம் பழக்கத்தில் தலையை ஒட்டி வெட்டிவிடுவீர்கள். எந்தப் பக்கம் எழுத்து வரும் என்று இதழ்க்காரர்களிடம் இப்போதே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

பள்ளத்தூர் கேமரா

எல்லோருக்கும் பெரிய நன்றி. அண்ணே, அக்கா, எழுதி வைத்துக்கொண்டேன். இதழுக்குப் போன் போட்டேன், எழுத்து இடது பக்கம் வருகிறதாம். ஆள் வலப்பக்கம். ஒரே லைட்டில் இரண்டு படமும் எடுக்க முடியுமா? நேரம் மிச்சமாகுமே என்று கேட்கிறேன்.

மதுரை லைட்மேன்

முடியும், அதுதான் நல்லது. லைட்டும் ஆச்சியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நீ மட்டும் நகரு. முதலில் ஆக்டாவுக்குப் பக்கத்தில் நின்று அகலப் படம். அப்புறம் நாலடி சுற்றிப் போய் நெட்டுப் படம். அப்போது அதே லைட் பக்கவாட்டு லைட்டாக மாறிவிடும், பின்னணியும் தூண் வரிசையிலிருந்து கதவுக்கு மாறும். இரண்டாவது ஃபிளாஷைக் குடையோடு தூர மூலையில் நிறுத்தி, கதவுப் பக்கம் இருட்டாக இருந்தால் மட்டும் போடு. முகத்துக்கு அது வேண்டாம்.

ஷட்டரை மறந்துவிடாதே. ஃபிளாஷ் வெளிச்சத்தை அபெர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் பார்த்துக்கொள்ளும். வளவு எவ்வளவு தெரிய வேண்டும் என்பது ஷட்டர் கையில். வினாடியில் 200ல் ஒன்று வைத்தால் வீடு இருட்டும், 60ல் ஒன்று வைத்தால் வீடு உயிரோடு இருக்கும். முதல் நாளே மூன்று வேகத்தில் எடுத்துப் பார்.

பள்ளத்தூர் கேமரா

முடிந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் 11.30க்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா படம் அனுப்பினார். மதுரை அண்ணன் சொன்ன மாதிரியே கம்பிவலை நிழல் மேற்குத் தாழ்வாரத்தின் ஓரம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கிடந்தது. நான் மாலையில் மட்டும் போய்ப் பார்த்திருந்தால் அங்கேதான் நாற்காலி போட்டிருப்பேன், அந்தத் தூண்கள் அவ்வளவு அழகு. கிழக்குக்கு மாற்றினேன். மாலையில் அந்த அக்காவையே உட்காரவைத்து 40 நிமிடம் பார்த்தோம். வேட்டி விரிக்காமல் ஒன்று, விரித்து ஒன்று எடுத்து லேப்டாப்பில் பெரிதாக்கினேன். விரிக்காததில் தாடைக்கு அடியில் பச்சை. 11 வருஷமாக அதைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

அன்று 11.10க்கு எல்லாம் தயார். 11.34க்கு ஆச்சி வந்தார். கண்டாங்கிச் சேலை, அரக்குக் கலர். நாற்காலியைப் பார்த்துவிட்டு, “நான் எப்போதும் அந்தப் படியில் உட்கார்ந்துதானப்பா முடைவேன்” என்று சொல்லி, நாற்காலிக்கு முன்னால் இருந்த படியில் போய் உட்கார்ந்துவிட்டார். நாலு நாணயமும் தரையில் கிடந்தது, நாற்காலி காலியாக. எனக்கு ஒரு வினாடி கை ஓடவில்லை.

லைட் இரண்டு மீட்டரில் இருந்ததுதான் காப்பாற்றியது. அவர் நகர்ந்தது ஒன்றரை அடிக்குள், வெளிச்சம் அரை ஸ்டாப் மாறியது, அவ்வளவுதான். உட்கார்ந்த உயரம் குறைந்ததால் தம்பியை ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கச் சொன்னேன். வேட்டியை ஆச்சியே காலால் ஒதுக்கி இழுத்துவிட்டார், எதற்கு என்று கேட்டார், சொன்னேன். “இந்தக் கல் அப்படியா செய்யும்?” என்று தன் உள்ளங்கையைத் தரைக்கு மேலே பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அகலப் படம் வந்தது. ஏழாவது நிமிடத்தில் நெட்டுப் படமும் முடிந்தது. மிச்ச நேரம் அவர் ஓலை கிழிப்பதைக் கைக்குக் கிட்டே போய் எடுத்தேன்.

இதழ்க்காரர்கள் கேட்காமலே அந்தக் கைப் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

தேவகோட்டை ஸ்டூடியோ

படியில் உட்கார்ந்தார் பார், அங்கே என் ஒரு மீட்டர் உதவியிருக்காது. அளவுகள் சொல்லு தம்பி.

பள்ளத்தூர் கேமரா

ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6, ஷட்டர் 80ல் ஒன்று. ஆக்டாவுக்குள் ஏடி200, நாலில் ஒரு பங்கு பவர். 85 லென்ஸில் நெட்டு, 35ல் அகலம். இரண்டாவது ஃபிளாஷைப் போடவே இல்லை, கதவுப் பக்கம் மூன்றாம் கட்டு வாசலிலிருந்து வந்த வெளிச்சமே போதுமாக இருந்தது.

ஆத்தங்குடி அக்கா

வேட்டியைத் துவைத்து மடித்துப் பையிலேயே வை. ஆச்சியிடம் இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு.

பள்ளத்தூர் கேமரா

பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன் அக்கா. ஆச்சி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராம். அந்த வீட்டு அக்காவுக்கும் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன், அவரை உட்காரவைத்து எடுத்த படம்.